பால் எடுக்காத வீடு

பால்மாப் பெட்டிக்காகச் சனம் விடிவதற்கு முன்பே கடை வாசலில் செங்கல்லையும் பழைய செருப்பையும் வரிசைக்கு வைத்துவிட்டுக் காவல் இருந்த வருசம் உங்களுக்கு நினைவிருக்கும். நீங்களும் நின்றிருப்பீர்கள். அந்த வருசம்தான் என் பசு சிவப்பி ஒரு நாம்பன் கன்று ஈன்றது. அந்தக் கன்று செத்து இரண்டு மாதத்தில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் நாலு மணிக் குரல் தொடங்கியது. எனக்கு எழுத்துத் தெரியாது. மாடு ஈன்றதையும் செத்ததையும் வைத்துத்தான் காலம் பிடிப்பேன். இன்றுவரை அது பிசகியதில்லை.

நீங்கள் பயணத்துக்குப் பெட்டி கட்டுகிற நேரம் பார்த்துக் கிழவன் வந்து கதிரையில் குந்திக்கொண்டான் என்று நினைக்க வேண்டாம். காரணத்தோடுதான் வந்தேன். அதற்கு முன் அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பேர் வேண்டாம். ஒழுங்கை அவருக்கு வைத்த பேர் 'பிளேன்டீ'. பால் தொடாதவர், வெறும் சாயத் தேத்தண்ணீர் மட்டும் குடிப்பவர், ஆகவே பிளேன்டீ. தகப்பன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டினவர், எப்போதோ செத்துப்போனார். இவர் கொழும்பில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தார். தாயைப் பார்க்க ஆளில்லை என்று ஐம்பது வயதை நெருங்கும்போது வேலையை விட்டுவிட்டு வந்தார். கல்யாணம் இல்லை. மெலிந்த உடம்பு. எங்கள் ஊர் வெக்கையிலும் சேர்ட்டின் மேல் பொத்தானைப் பூட்டித்தான் வைத்திருப்பார். பஸ் ஸ்ராண்ட் பக்கம் மான்கள் நடு றோட்டில் படுத்திருக்கும் அல்லவா, எல்லாரும் மணி அடிப்பார்கள், ஹோர்ன் அடிப்பார்கள். இவர் சைக்கிளால் இறங்கி, உருட்டிக்கொண்டு சுற்றிப் போவார். ஒரு நாள் மான் ஒன்று பொலித்தீன் பை தின்றுகொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து பையை இழுத்து எடுத்தவர் கையில் ஒரு கடி வாங்கிக்கொண்டு வந்தார். மான் கடித்து மருந்து கட்டின ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்.

அந்த வீட்டுக்கு நான் நாற்பத்தைந்து வருசம் பால் ஊற்றினவன். அவரும் தங்கச்சியும் என் பாலில் வளர்ந்தவர்கள். தங்கச்சி என்னைப் 'பால் மாமா' என்றுதான் கூப்பிடுவாள், கனடா போன பிறகும் அப்படித்தான். தம்பி திரும்பி வந்த மூன்றாம் நாள் காலை, நான் சைக்கிளைச் சாத்த முதலே கேற்றடியில் நின்றார்.

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. நாளையில இருந்து பால் வேண்டாம்."

"ஏன் தம்பி, தண்ணி கலந்து கிடக்குதோ?"

"சீ, உங்கட பால் நல்ல பால். ஆனா அது எங்கட சாமான் இல்லை."

"நான் விக்கிறன், நீங்கள் வாங்கிறீங்கள். பிறகு உங்கடதானே?"

"அது உங்கடயும் இல்லை ஐயா. கண்டுக்குட்டியின்ர."

எனக்குச் சிரிப்பு வந்தது. எழுபது வயதில் என்னை ஒருவர் கள்ளன் என்கிறார், அதையும் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகச் சொல்கிறார். உள்ளிருந்து தாயின் குரல் கேட்டது. அவரை நான் அக்கா என்பேன், என்னிலும் பத்து வயது மூப்பு.

"ஆரது, பால்காரனோ? அரைப் போத்தல் வைச்சிட்டுப் போ மோனே. தொண்டை காயுது."

"அம்மா, வேண்டாம்" என்றார் தம்பி. சத்தம் போடவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

அக்கா இன்னொரு வார்த்தை கேட்கவில்லை. அன்று அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. வெயில் ஏறமுதல் மற்ற வீடுகளுக்கு ஊற்றவேண்டும் என்று போய்விட்டேன்.

வீட்டைத் திருத்தி, தகரத்தைக் கழற்றி ஓடு போட்டுத் திரும்பக் குடிபுகுந்தபோது நடந்தது ஒழுங்கைக்கே சிரிப்பு. பால் காய்ச்சவேண்டும் இல்லையா? இவர் தேங்காய்ப்பாலை அடுப்பில் வைத்தார். எதிர்வீட்டு மச்சாளின் வாய் உங்களுக்குத் தெரியும்.

"தம்பி, இது குடிபூருறதோ, சொதி வைக்கிறதோ?" என்றாள். "கொஞ்சம் வெந்தயமும் பச்சை மிளகாயும் போட்டா இடியப்பத்தோட முடிச்சிடலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"பொங்கினது பால்தானே அக்கா. தேங்காய்க்குக் கண்டுக்குட்டி இல்லை, ஒருத்தரும் அழமாட்டினம்."

"ஏன் இல்லை? தென்னங்கண்டு எண்டு பேந்து நாங்கள் எதை நடுறம்?"

அவர் கையெடுத்துக் கும்பிட்டுச் சிரித்தார். அப்படிச் சிரித்துக்கொண்டு தோற்றதை நான் பிறகு காணவில்லை.

இனி அந்தப் பெட்டியைச் சொல்லவேண்டும். முன் அறையில் தகப்பனின் அலுமாரிக் கதவைக் கழற்றிவிட்டு, உள்ளே பிஸ்கட் டின் அளவில் ஒரு கறுத்தப் பெட்டி வைத்திருந்தார். பக்கத்தில் லொறி பற்றரி. பெட்டிக்குச் சூடு பிடிக்காமல் ஒரு மேசை மின்விசிறி எந்த நேரமும் அதைப் பார்த்துச் சுழலும். அக்காவுக்கு ஓலை விசிறி, பெட்டிக்கு மின்விசிறி என்று மச்சாள் சொல்லுவாள். அது உண்மைதான், நான் கண்டேன்.

"இது என்ன செய்யும் தம்பி?"

"எங்கட வீட்டுப் படம், கடிதம், குரல் எல்லாம் இதுக்க இருக்கும் ஐயா. மற்ற ஆக்கள் தங்கட சாமானை ஆரோ பெரிய கொம்பனிக்காரன்ர வீட்டில கொண்டுபோய்ப் போடுகினம். அவன் சும்மா வைச்சிருக்கிறானோ? ஒவ்வொண்டாப் பிரிச்சுப் பாக்கிறான். நான் என்ர வீட்டிலயே வைச்சிருக்கிறன்."

"இந்தப் பெட்டிக்குள்ள ஓடுறது உங்கட வேலையோ?"

"இல்லை. உலகத்தில ஆரோ ஆரோ எழுதி இனாமாத் தந்தது. எப்பிடி எழுதினதெண்டு திறந்தும் பாக்கலாம், மாத்தியும் எழுதலாம்."

"கோயில் அன்னதானம் மாதிரி."

"ஓம். ஆனா கறி வைக்கிற விதத்தையும் எழுதித் தாற அன்னதானம்."

பாலும் பெட்டியும் அவருக்கு ஒன்றுதான். எங்கள் சாமான் ஒருவர் வீட்டிலும் கிடக்கக்கூடாது, ஒருவர் சாமானும் எங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது. அந்தக் கேற்றடியிலேயே அவருடைய வேதம் முழுவதும் இருந்தது. அதற்காக நெஞ்சில் ஈரமில்லாத ஆள் என்று சொன்னால் என் நாக்கு அழுகும். செத்துப்போன என் மனிசியின் படம் ஒன்றுதான் இருந்தது, அடையாள அட்டையில். அதுவும் மழைத் தண்ணீர் பட்டு முகம் பாதி போய்விட்டது. தம்பி அதை வாங்கி, பெட்டியில் போட்டு, பத்து நாள் இருந்து முகத்தை மீட்டுத் தந்தார். மூக்குத்திகூடத் தெரிந்தது. நான் பழக்க தோசத்தில் ஒரு போத்தல் நெய் கொண்டுபோனேன். பாம்பைக் கண்டவர் மாதிரி இரண்டு அடி பின்னால் போனார். பிறகு நான் நெய்யோடு வீட்டுக்குத் திரும்பி, மனிசியின் படத்துக்கு முன்னால் இருந்து அழுதேன்.

இப்போது சிவப்பியின் கன்று.

பால்மா இல்லாத வருசம், ஊரே என் கேற்றடியில் போத்தலோடு நின்றது. கன்றுக்கு இரண்டு காம்பு விடுகிறவன் ஒரு காம்பு விட்டேன். பிறகு அதையும் கறந்தேன். நாம்பன்தானே, பசுவாகிப் பால் தரவா போகிறது, வளர்ந்து என்ன செய்யப்போகிறது என்று நினைத்தேன். கப்பல்துறைப் பக்கம் மேயக் கொண்டுபோன இடத்தில் அது முன்னங்கால் மடங்கி விழுந்தது. தூக்கி நிறுத்தினேன். திரும்ப விழுந்தது. கொன்றேன் என்று சொல்லமாட்டேன். விழுந்ததைக் கயிற்றால் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன், படலையடியில் இறக்கியபோது உயிர் இல்லை.

கன்று இல்லாவிட்டால் மாடு பாலை அடக்கிவிடும். அதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு வழி இருக்கிறது. கன்றின் தோலை உரித்து, உப்புப் போட்டுக் காயவைத்து, வைக்கோல் அடைத்துத் தைப்பது. காலுக்கு நாலு தடி. தாய்க்கு முன்னால் வைத்து, முதுகில் உப்புத் தண்ணீர் தெளித்தால், அது நக்கும். நக்க நக்கப் பால் சுரக்கும். நான் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தபோது தம்பி மாட்டுக் கொட்டிலுக்கு வந்தார். அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. நான் தைத்து முடித்து நிறுத்தியதும், சிவப்பி நக்குவதைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பசுவை ஏமாத்துறீங்கள் எண்டு நினைக்கிறீங்களோ ஐயா?"

"ஏமாந்துதானே பால் விடுது?"

"இல்லை. அதுக்குத் தெரியும். மணத்திலயே தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் நக்குது. அதுக்கு நக்கிறதுக்கு வேற என்ன கிடக்கு?"

அதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அன்று வந்த கோபம் சாமானியமானதில்லை. அடித்திருந்தால் ஆறியிருக்கும். ஒவ்வொரு நாளும் கறக்கும்போது அந்தச் சொல் என் பிடரியில் வந்து நின்றது. அடுத்த மாதம் தாயில்லாக் கன்று ஒன்று கிடைத்தது, சிவப்பியோடு சேர்த்துவிடலாம் என்று கொண்டுவந்தேன். வைக்கோல் கன்றை அப்புறப்படுத்தாமல் இரண்டையும் ஒன்றாக விட்டுவிட்டேன். சிவப்பி உயிருள்ளதை முட்டி வேலியில் எறிந்துவிட்டு வைக்கோலை நக்கியது. அதை யோசித்திருந்தாலே அந்த வீட்டில் பின்னால் நடந்தது எனக்கு விளங்கியிருக்கும்.

கனடாவிலிருந்து தங்கச்சி ஒவ்வொரு நாளும் எங்கள் நாலு மணிக்குத் தாயோடு கதைப்பாள். அவளுக்கு அங்கே விடிகிற நேரம், வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம். ஆட்கள் எல்லாரும் கதைக்கிற அந்தக் கொம்பனிக்காரனின் வழியால் கதைத்தவளைத் தம்பி தன் பெட்டி வழியால் கதைக்கப் பண்ணினார். கொஞ்சக் காலம் நன்றாக நடந்தது. கதைக்க நேரமில்லாத நாளில் குரலை மட்டும் பதிந்து அனுப்புவாள். அதெல்லாம் பெட்டியில் கிடக்கும். பிறகு கரண்ட் போகத் தொடங்கியது. பற்றரி இறங்கினால் பெட்டி செத்துவிடும். அவள் அங்கே அடித்து அடித்துப் பார்த்துவிட்டு அழுவாள். பழைய வழிக்கு விடு அண்ணா என்று கேட்டாள். இவர் மறுத்தார். பெட்டி வழியாக ஒழுங்கைக்கே கேட்கிற மாதிரிச் சண்டை. நான் மதிலடியில் நின்று கேட்டேன்.

"அம்மாவின்ர குரலை அவங்களுக்குத் தாரைவாக்க ஏலாது!"

"அம்மாவின்ர குரல் எனக்கு வேணும் அண்ணா! உனக்குக் கொள்கை, எனக்கு அம்மா!"

அவள் அவருடைய அந்த வழியைத் தன் போனிலிருந்து கழற்றி எறிந்துவிட்டாள். அவரும் இறங்கவில்லை. நாலு மணி வரும், அக்கா கதிரையில் வந்து இருப்பார். தம்பி லைன் இல்லை என்பார். ஒரு வாரம் அப்படிப் போனது. அக்கா சோற்றை ஒதுக்கத் தொடங்கினார். பாலும் இல்லை, மகளும் இல்லை, பிறகு எதற்குச் சாப்பிடுவது? வற்றி, கதிரையில் ஒரு சீலை மடித்து வைத்த மாதிரி ஆகிவிட்டார்.

பிறகு ஒரு நாள் நான் போனுக்குச் சார்ஜ் ஏற்றப் போனேன். அவருடைய பற்றரியில் ஒழுங்கைச் சனம் எல்லாம் ஏற்றும், அதற்கு முகம் சுழித்ததே இல்லை. நாலு மணி. பெட்டியிலிருந்து தங்கச்சியின் குரல் கேட்டது.

"அம்மா, சாப்பிட்டீங்களோ? இஞ்ச சரியான குளிர். விடிய எழும்பினா வாசல் முழுக்கப் பனி. அடுத்த லீவுக்குக் கட்டாயம் வருவன், என்ன?"

அக்காவின் முகம் விளக்குப் போட்ட மாதிரி. "சாப்பிடுறன் பிள்ளை. நீ காதைப் பொத்திக்கொண்டு போ" என்றார். தம்பி பக்கத்தில் இருந்து சோறு தீத்தினார். அக்கா வாங்கினார். ஒவ்வொரு கவளமாக வாங்கினார்.

சமாதானமாகிவிட்டார்கள் என்று எனக்குச் சந்தோசம். சார்ஜ் ஏற்றப் போன மூன்றாம் நாளும் பனி. ஐந்தாம் நாள் வேறு கதை. எட்டாம் நாள் திரும்பவும் வாசல் முழுக்கப் பனி, அதே மூச்சு, அதே இடத்தில் குக்கர் விசில். அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. தம்பி பெட்டியில் கிடந்த பழைய குரல்களை எடுத்து மாறி மாறிப் போட்டுக்கொண்டிருந்தார். தாய் வாய் கொடுத்த இடத்தில் நிறுத்தி, பிறகு அடுத்ததைத் தட்டிவிடுவார். அவ்வளவு கவனம்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் என்ன நினைக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்தது.

"சாப்பிடுறா ஐயா" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு அன்று இரக்கம் வந்திருக்கவேண்டும். வந்தது குளிர்மை. என்னைச் சொன்னீரே, நீரும் தைத்தீரே என்று ஒரு குளிர்மை.

அந்தக் கிழமையே தங்கச்சி என் போனுக்கு அடித்தாள். மச்சாளிடம் நம்பர் வாங்கியிருந்தாள்.

"பால் மாமா, ஒருக்கா அம்மாவிட்ட போனைக் கொண்டு போங்கோ. ஒரே ஒருக்கா. அண்ணாவுக்குத் தெரியாமல் எண்டாலும் பரவாயில்லை."

தம்பி ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்குச் சந்தைக்குப் போவார். பதினொன்றுக்குத்தான் திரும்புவார். அக்கா தனியே இருப்பார். எனக்கு அது நன்றாகத் தெரியும். இருந்தும் நான் தங்கச்சிக்கு என்ன சொன்னேன் தெரியுமா? நாளைப் பின்னேரம் நாலு மணிக்கு அடி என்றேன். அவர் இருக்கும்போதே கொண்டுபோகவேண்டும், அவருடைய முகத்தைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை. அவ்வளவு கெட்டவனா நான் என்று கேட்டால், அன்று அவ்வளவு கெட்டவன்தான்.

நாலு மணிக்குப் போனேன். போன் என் கையில், தங்கச்சி லைனில். உள்ளே பெட்டி தொடங்கிவிட்டது. "அம்மா, சாப்பிட்டீங்களோ? இஞ்ச சரியான குளிர்..."

போனுக்குள்ளிருந்து தங்கச்சி கேட்டாள். "மாமா, ஆர் அது அம்மாவோட கதைக்கிறது?" பிறகு அவளே சொன்னாள். "அது நான்."

தம்பி பெட்டியை நிறுத்தினார். நான் போனை நீட்டினேன். "உயிரோட இருக்கிற பிள்ளை லைனில நிக்குது தம்பி. அக்காவிட்டக் குடுக்கட்டோ, இல்லாட்டி உங்கட வைக்கலே போதுமோ?"

அவருடைய முகத்தில் நான் பார்க்க வந்தது இருந்தது. வெளிறிப்போனார். ஆனால் தடுக்கவில்லை. தாயின் முன்னால் குந்தி இருந்து, "அம்மா, இதில ஒரு ஆள் கதைக்குது. ஆரெண்டு கேட்டுச் சொல்லுங்கோ" என்றார்.

போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு, "அம்மா."

அக்கா பார்வை மங்கிய கண் இரண்டையும் மகன் இருந்த பக்கம் திருப்பினார்.

"அம்மா, நான்தான். கதையுங்கோ அம்மா."

"ஆரது?"

"உங்கட பிள்ளை அம்மா!"

"என்ர பிள்ளை இப்பதானே கதைச்சவள்" என்றார் அக்கா. "நீ ஆரோ. போனை வை பிள்ளை, நான் சாப்பிட வேணும்."

அங்கே ஒரு சத்தம் வந்தது. மனுசச் சத்தம் மாதிரி இல்லை. பிறகு லைன் போய்விட்டது. நான் போனைப் பிடித்தபடி நின்றேன். தம்பி எழும்பவில்லை. வென்றவரின் முகமும் இல்லை அது. சோற்றுக் கோப்பையைத் தேடி எடுத்து, பிசைந்து, தாயின் வாய்க்குக் கொண்டுபோனார். வாய்க்கு எட்டமுதலே சோறு மடியில் விழுந்தது.

"விழுந்திட்டுது மோனே" என்றார் அக்கா. அதைப் பொறுக்கி வாயில் போட்டார்.

அடுத்த நாள் பத்து மணிக்குப் போனேன். ஒரு நாள் பிந்தி. கையில் வழக்கத்தில் பால் போத்தலும் இருந்தது. அக்கா என் நடையை வைத்தே கண்டுபிடித்தார்.

"பால்காரா, நேற்று என்னத்துக்கு அவனுக்கு முன்னால கொண்டு வந்தனி?"

நான் கதிரைக் காலடியில் குந்திவிட்டேன்.

"அக்கா, அது பிள்ளை எண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"தெரியாமலோ? சின்னனில இருந்தே மூக்கை உறிஞ்சிப்போட்டுத்தான் அம்மா எண்டுவாள். பெட்டிக்குள்ள இருக்கிறவளுக்கு மூக்கு இல்லை. முதல் நாளே தெரியும். ஆடி வெக்கைக்கும் பனி பனி எண்டு சொல்லிக்கொண்டு கிடக்குது அது."

"பேந்து ஏன் அக்கா அப்பிடிச் சொன்னீங்கள்?"

"ஓம் எண்டிருந்தா அவன் தோத்துப்போவான். தோத்தா முகத்தைத் திருப்பிப்போடுவான். தகப்பனும் அப்பிடித்தான், ஆறு மாசம் கதைக்காமல் இருந்த மனுசன். அவள் ஒரு நாள் கதைச்சிட்டு அழுதிட்டுப் போவாள். ஒவ்வொரு நாளும் எனக்குச் சோறு தீத்துறது ஆர்? பெட்டி கதைக்கேக்கதான் அவன் என்ர பக்கத்தில வந்து இருக்கிறான்."

பசுவுக்குத் தெரியும் என்று சொன்ன ஆளின் வீட்டிலேயே இது.

பிறகு அக்கா மூக்கை நிமிர்த்தி மணந்தார். "போத்தலில என்ன? கொஞ்சம் வார்."

குசினிக்குள் போய்ச் சுட வைக்கப் பயம், மணம் நிற்கும். பச்சையாகவே அரைத் தம்ளர் வார்த்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். மேல் உதட்டை நக்கினார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி முகத்தை என் பக்கம் நீட்டினார்.

"வாயைத் துடைச்சு விடு. அவனுக்கு மணக்கும்."

என் சால்வையால் துடைத்தேன். தம்ளரைச் சாம்பல் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். எண்பது வயது மனுசி, தன் வீட்டில், கள்ளப் பால் குடித்தார்.

அன்றைக்கே தங்கச்சிக்கு அடிப்பித்தேன். "அம்மாவுக்கு உன்னைத் தெரிஞ்சது பிள்ளை. தெரிஞ்சுதான்..." என்று தொடங்கினேன். அவள் முடிக்க விடவில்லை.

"மாமா, நீங்கள் நல்ல மனசில சொல்லுறீங்கள். நான் இஞ்ச வயசாளிகள் வீட்டில வேலை. உங்கட மகன் நாளைக்கு வருவான் எண்டு நானும் ஒவ்வொரு நாளும் அதுகளுக்குச் சொல்லுறனான். எனக்கும் அதையே சொல்லாதேங்கோ."

வைத்துவிட்டாள். மூக்கு உறிஞ்சின கதையை நான் சொல்லவே இல்லை. பிறகு எத்தனை தரம் அடித்தும் எடுக்கவில்லை. கடைசியில் நம்பரே இல்லை என்றது.

அக்கா அதற்குப் பிறகு இரண்டு கிழமை இருந்தார். மூச்சு இழுக்கத் தொடங்கினதும் சனம் கூடியது. பால் பருக்கவேண்டும் என்று மச்சாள் என்னைக் கூப்பிட்டாள். போத்தலோடு போனேன். தம்பி கேற்றடியில் அன்றைக்கு நின்ற மாதிரியே நின்றார்.

"ஐயா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். உள்ள கொண்டு வராதேங்கோ."

"போற உயிருக்கடா தம்பி!" என்று மச்சாள் தலையில் அடித்தாள். "போற வாய்க்குமோ உன்ர சட்டம்?"

"அம்மா பால் விட்டுக் கன காலம் அக்கா" என்றார் அவர். "கடைசி நேரத்தில அவவை மாத்தக்கூடாது."

அவர் அதை நம்பினார். நான் அவருடைய கண்ணைப் பார்த்தேன், முழுதாக நம்பினார். ஒரு சொல் சொல்லியிருந்தால் ஆள் உடைந்திருப்பார். அது என் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். நல்ல மனத்தினால் இல்லை. இன்னொரு முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. தேங்காய்ப்பாலைக் கரண்டியால் பருக்கினார். அது கடைவாயால் வழிந்து கழுத்துக்குப் போனது. என் போத்தலை மதிலடியில் ஊற்றினேன். நாயும் தொடவில்லை, அவ்வளவு சனம்.

தங்கச்சி செத்த வீட்டுக்கு வரவில்லை. முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து ஒரு கிழமை இருக்கும், நான் அந்தப் பக்கத்தால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறேன். நாலு மணி. உள்ளே மின்விசிறிச் சத்தம். அதற்கு மேலால், "அம்மா, சாப்பிட்டீங்களோ? இஞ்ச சரியான குளிர்..." யன்னலால் பார்த்தேன். தாயின் கதிரையில் அவர் இருந்தார், சேர்ட்டின் மேல் பொத்தானும் பூட்டி. மடியில் சோற்றுக் கோப்பை. தாய் வாய் கொடுக்கிற இடத்தில் எல்லாம் பெட்டியை நிறுத்தினார். மறுமொழி சொல்ல ஆளில்லை.

அந்த வருச மாரி மழைக்குப் பிறகு வீடு பூட்டிக் கிடந்தது. பெட்டியையும் பற்றரியையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனதை மச்சாள் கண்டாளாம். எந்த ஊர் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. வைக்கோல் கன்றை நான் எரித்துவிட்டேன். சிவப்பி இப்போது பால் விடுவதில்லை. விற்கவும் மனம் வரவில்லை, கட்டி வைத்துப் புல் போடுகிறேன்.

இதற்குத்தான் வந்தேன். நீங்கள் கனடாவில் போகிற இடத்திலிருந்து தங்கச்சியின் வீடு இரண்டு பஸ் தரிப்புத்தான் என்று மச்சாள் சொல்கிறாள். போய்க் கதவைத் தட்டுங்கள். என் பேச்சை எடுக்கவேண்டாம், எடுத்தால் கதவைச் சாத்திவிடுவாள். கன்றுக்குத் தோல் தைத்தவன் சொல்வதை எவர் நம்புவார்? அம்மாவுக்கு உன்னைத் தெரியும் என்று தொடங்கவும் வேண்டாம், அந்த மாதிரி ஆறுதலை அவள் தன் வேலையிடத்தில் ஒவ்வொரு நாளும் சொல்கிறாள்.

முதலில் மூக்கைச் சொல்லுங்கள். நீ மூக்கை உறிஞ்சிவிட்டு அம்மா என்றாய், அதிலேயே அம்மா உன்னை அடையாளம் பிடித்துவிட்டார் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் அவள் கேட்டால் மட்டும் மற்றதைச் சொல்லுங்கள்.